அடிக்கு முன்னா, பின்னா? நாணயச்சாலைப் பிழையையும் வெளியே பட்ட சேதத்தையும் பிரித்தறிவது

கேள்வியில் மூன்று நாணயங்கள் வருகின்றன. எலி கடித்தது போல ஓரம் வளைவாகக் குறைந்த 2012-ஆம் ஆண்டு 2 ரூபாய்; நடுவட்டம் மட்டும் திரும்பியிருக்கும் 10 ரூபாய்; ஒரு பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிக் குழிந்து கிடக்கும் 1 ரூபாய். மூன்றும் நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழைகளா, வெளியே வந்தபின் பட்ட சேதமா, விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 10 ரூபாய்க்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம்: அது பிழை நாணயம் அல்ல, யாரோ கழற்றி மாட்டியது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். மற்ற இரண்டையும் நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்க முடியும்.

எந்த நாணயத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரே கேள்வி: இந்தக் குறை, படத்தைப் பதிக்க அச்சு கொடுக்கும் அடி விழுவதற்கு முன் வந்ததா, அடியோடு வந்ததா, அடி விழுந்தபின் வந்ததா? முன்னால் வந்திருந்தால் குறையின் மேல் அச்சு விழுந்திருக்கும். பின்னால் வந்திருந்தால் அச்சின் மேல் குறை விழுந்திருக்கும். பூதக்கண்ணாடியில் நாம் தேடுவது இந்த வரிசையைத்தான். அதற்கு நாணயம் எப்படிப் பிறக்கிறது என்று சுருக்கமாகவாவது தெரிந்திருக்க வேண்டும்.

நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுப்பார்கள். எதுவும் பதியாத இந்த வட்டத்துக்கு பிளாங்க் என்று பெயர். அதைச் சூடேற்றி மென்மையாக்குவதும், கழுவிக் காயவைப்பதும் இடையில் நடக்கும். ஓரத்தை உருட்டி நெருக்கிச் சற்று மேடாக்குவது தனி வேலை. இதற்கென்று ஒரு இயந்திரம் உண்டு. கடைசியில் அடிக்கும் இயந்திரம். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, சுற்றிலும் காலர் என்னும் எஃகு வளையம். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடும். அழுத்தத்தில் வெளியே பிதுங்கப் பார்க்கும் உலோகத்தைக் காலர் தடுத்து வட்டமாக நிறுத்தும். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் இன்னது கெடும், கெட்டால் இன்ன தடயம் விடும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் எங்குமே பொருந்தாத குறை, வெளியே வந்த குறை.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், பக்கவாட்டில் ஒளி விழும்படி வைக்க ஒரு மேசை விளக்கு. இவற்றைவிட முக்கியம், அதே மதிப்பில் அதே வடிவமைப்பில் ஒரு நல்ல நாணயம். ஒப்பிட ஒன்று பக்கத்தில் இல்லாமல் முடிவு சொல்வது வீண். நேர் மேலிருந்து விழும் ஒளியில் பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தெரியும். விளக்கைத் தாழ்த்திச் சாய்வாக ஒளியை விட்டு, நாணயத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

இப்போது கடிபட்ட 2 ரூபாய். தகட்டில் வட்டங்களை வெட்டும்போது தகடு போதிய தூரம் நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டியெடுத்த ஓட்டையின் மேல் வெட்டுளி பாதி விழும். வரும் பிளாங்கில் ஒரு பக்கம் பிறைபோலக் குறைந்திருக்கும். தகட்டின் நுனியில் வெட்டினால் நேர்கோடாகக் குறையும். இது அடிக்கு முன் வந்த குறை. ஆகவே நான்கு இடங்களில் அதற்குச் சாட்சி இருக்கும்.

முதலாவது, வளைவின் அளவு. கடித்த இடம் அதே அளவுள்ள இன்னொரு வட்டத்தின் ஓட்டை. எனவே இன்னொரு 2 ரூபாயை அந்த வளைவில் பொருத்திப் பார்த்தால் ஏறக்குறைய இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். பிளாங்கும் முடிந்த நாணயமும் விட்டத்தில் இம்மியளவு வேறுபடும் என்பதால் மயிரிழை இடைவெளி வரலாம். அரத்தால் ராவியதும் இடுக்கியால் கடித்ததும் இப்படி உட்காராது. அந்த வளைவு ஒன்று மிகச் சிறிதாக இருக்கும், இல்லை கோணல்மாணலாக இருக்கும்.

இரண்டாவது, எதிர்ப்பக்கம். குறை இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மேடு மெலிந்தோ மறைந்தோ போயிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தை உருட்டும் இயந்திரத்தில் பிளாங்க் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டுத்தான் மேடு எழும். ஒரு பக்கம் உலோகமே இல்லாதபோது எதிர்ப்பக்கம் அழுத்தம் விழாது. நாணயம் சேகரிப்போர் இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். கடி மிகச் சிறிதாக இருந்தால் இது தெரியாமல் போகலாம். ஆனால் நல்ல பெரிய கடி இருந்தும் எதிர்விளிம்பு முழுக் கூர்மையோடு நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் என் பார்வையில் மிகவும் நம்பத்தக்கது: கடிக்கு அருகில் உள்ள எழுத்துகள். அடி விழும்போது உலோகம் வழி கிடைத்த பக்கம் ஓடும். கடித்த இடத்தில் காலர் தொடாது என்பதால் உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி இழுபடும். அதனால் அங்கே எழுத்துகள் குறையை நோக்கி நீண்டும், அடிப்பகுதி மங்கியும், மீன்வால் போல விரிந்தும் இருக்கும். பின்னால் வெட்டிய நாணயத்தில் எழுத்து வெட்டு வரைக்கும் முழு உயரத்தோடு வந்து, கத்தியால் அறுத்தது போலச் சட்டென்று நிற்கும். லூப்பில் இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நான்காவது, வெட்டின் சுவர். உளி உலோகத்தை வெட்டும்போது கொஞ்ச தூரம் வழவழப்பாக அறுத்து, மீதியை வெடுக்கென்று கிழிக்கும். எனவே சுவரில் மழமழப்பான ஒரு பட்டையும் சொரசொரப்பான ஒரு பட்டையும் தெரியலாம். அடியின் அழுத்தத்தில் அந்தச் சுவர் சற்றே உப்பியும் இருக்கும். இணை இணையாகக் கீறல் ஓடினால் அரம் அல்லது ரம்பம். தொட்டால் விரலைக் கீறும் பிசிறு இருந்தாலும் பின்னால் வெட்டியதுதான்.

இந்த வகைக்கு எடை மட்டும் உதவாது. 2011-இல் தொடங்கிய வரிசையின் 2 ரூபாய் 25 மி.மீ. விட்டமும் 4.85 கிராம் எடையும் கொண்டது. 3 மி.மீ. ஆழத்துக்கு வளைவாகக் குறைந்தால் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் போய், எடை 4.6 கிராம் சுமாருக்கு வரும். நாணயச்சாலை வெட்டினாலும் பட்டறையில் வெட்டினாலும் எடை அதேதான். தராசு பெரிதும் கைகொடுப்பது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, நாணயம் அகன்றிருக்கும்போதும் அச்சு ஒதுங்கி விழுந்திருக்கும்போதும். காலர் இல்லாமல் அடி விழுந்தால் உலோகம் சுற்றிலும் பரவி விட்டம் கூடும். விளிம்பு மேடு இருக்காது. பிளாங்க் நடுவில் உட்காராமல் அடி விழுந்தால் ஒரு பக்கம் அச்சு படாத வெற்றுப் பிறை நிற்கும். இரண்டிலும் உலோகம் எங்கும் போய்விடவில்லை. எடை முழுதாக இருக்க வேண்டும், ஓரிரு சதவீத ஏற்ற இறக்கம் மட்டும் ஏற்கலாம். அத்தோடு, பதிந்த வரைக்கும் படம் அதன் சரியான அளவிலும் கூர்மையிலும் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டி அகலமாக்கிய காசிலும், நம் ஊரில் பிள்ளைகள் தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறவிட்ட காசிலும் படமும் சேர்ந்தே நீண்டு நசுங்கியிருக்கும். சிங்கங்களின் முகம் வழிந்தோடி, எழுத்துகள் ஆவி போல மங்கியிருக்கும். ரயில் ஏறிய காசுக்கு எடை சரியாகவே இருக்கும். எனவே எடையை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது. அச்சு விழாத பிறையையும் கவனியுங்கள்: அங்கே இருப்பது பிளாங்கின் பழைய தோல். அதில் வட்ட வட்டமாகக் கடைசல் கோடு ஓடினால், இருந்த படத்தைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சீவியிருக்கிறார்கள். சீவிய இடம் பள்ளமாகவும் இருக்கும், எடையும் குறையும்.

இன்னொன்று, மாறிய பிளாங்க். 2 ரூபாய் அடிக்கும் இயந்திரத்தில் 1 ரூபாய்க்கான பிளாங்க் ஒன்று சிக்கிவிடுவது உண்மையாக நடக்கும் பிழை. 2011 வரிசையின் 1 ரூபாய் 22 மி.மீ., 3.79 கிராம். ஆகவே அப்படிப் பிறந்த நாணயத்தில் 2 ரூபாய் படம் ஓரங்களில் வெட்டுண்டு விழுந்திருக்கும். எடை மட்டும் 3.79-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். ஆனால் 2 ரூபாயைச் சுற்றிலும் ராவி 22 மி.மீ.-க்குச் சிறிதாக்கினாலும் எடை ஏறக்குறைய 3.76 கிராமுக்கு வந்துவிடும். எனவே இங்கே எடை ஒட்டவில்லை என்றால் பிழை அல்ல என்று சொல்லலாம்; ஒட்டினால் மட்டும் போதாது, ஓரத்தில் ராவிய கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலோகமே மாறியிருப்பதாகச் சொன்னால் காந்தத்தை எடுங்கள். 1992-இல் வந்த சிறிய 1 ரூபாய் முதல் இன்றைய 1, 2 ரூபாய் வரை துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். பழைய கனத்த 5 ரூபாயும் (9 கிராம், 23 மி.மீ.), பதினொரு பக்கம் கொண்ட 6 கிராம் 2 ரூபாயும் செம்பு-நிக்கல், ஒட்டாது. இன்னும் உறுதி வேண்டுமானால் அடர்த்தி பாருங்கள். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 9 கிராம் செம்பு-நிக்கல் நாணயத்துக்கு 1.01 காட்டும், வகுத்தால் 8.9. எஃகு நாணயத்துக்கு 7.7-ஐ ஒட்டியும், அலுமினியத்துக்கு 2.7-ஐ ஒட்டியும் வரும். நாணயத்தில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிகளைத் தட்டி விட்டுவிட்டு அளக்க வேண்டும். சிறிய நாணயத்தில் ஒரு குமிழியே கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்து உங்கள் 1 ரூபாய். அடித்த நாணயம் ஒன்று வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த பிளாங்க் அதன் மேல் வந்து விழுந்தால், அந்த நாணயமே அச்சாகிவிடும். அச்சு குழிவானது, நாணயம் மேடானது. ஆகவே புதிய பிளாங்கில் ஒரு பக்கம் சரியான படமும், மறுபக்கம் அதே படம் இடவலம் மாறிக் குழிவாகவும் விழும். ஆங்கிலத்தில் பிராக்கேஜ் என்பதை நம் நாட்டு வியாபாரிகள் லக்கி என்பார்கள். பிழை நாணயங்களில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு. அதனாலேயே போலியும் அதிகம்.

போலி செய்வது எளிது. இரண்டு நாணயங்களை முகத்தோடு முகம் வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கினாலோ சுத்தியலால் அடித்தாலோ ஒன்றின் படம் மற்றதில் இடவலம் மாறிக் குழிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது அல்லவா? அது எங்கே போகும்? நசுங்கும், ஆனால் முழுக்க அழியாது. சாய்வொளியில் பார்த்தால் குழிந்த எழுத்துகளின் அடியில் பழைய மேடுகளின் தட்டையான மிச்சம் தெரியும். 2 என்ற இலக்கத்தின் குறுக்கே வேறு எழுத்தின் பள்ளம் ஓடும். உண்மையான லக்கியில் அந்தப் பக்கம் அடிவாங்கும்போது வெறும் பிளாங்க். குழிவுப் படம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அங்கே இருக்கக்கூடாது. தரையும் எழுத்தின் குழியும் ஒரே பளபளப்போடு இருக்கும். இன்னொரு வேறுபாடு ஆழம். வைஸில் இறுக்கியதில் மிக உயரமான பாகங்கள் மட்டும் பதிந்திருக்கும். தாழ்ந்த நுணுக்கங்கள் இராது. விளிம்பு மேடு நசுங்கித் தட்டையாகியிருக்கும். ஒட்டிக்கொண்ட நாணயத்தின் முதல் அடியில் பிறந்த லக்கியில் ஆண்டு எண் வரைக்கும் கூர்மையாக, முழு அளவில் இருக்கும். ஒட்டிய நாணயம் அடிமேல் அடி வாங்க வாங்கக் கிண்ணம் போல விரிந்து, பின்னால் பிறப்பவற்றில் குழிவுப் படம் பெருத்து உருக்குலையும். ஆகவே உருக்குலைந்த படம் மட்டுமே போலிக்குச் சான்றாகாது; அடியில் பழைய படம் இருக்கிறதா என்பதே தீர்ப்பு சொல்லும். உங்கள் நாணயத்தின் குழிந்த படம் எந்தப் பக்கத்துடையது என்றும் பாருங்கள். லக்கியில் அது மறுபக்கத்தில் மேடாக இருக்கும் படமேதான். தலைப் பக்கம் சரியாக இருந்தால் குழிவாக இருப்பதும் தலைதான், பூ அல்ல. பூப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பூவின் எழுத்துகளே குழிந்து, பூவின் மேடுகளும் தெரிந்தால், அது வைஸ் வேலை.

10 ரூபாய்க்கு வருவோம். இரட்டை உலோக நாணயத்தில் வளையமும் நடுவட்டமும் தனித்தனியாக இயந்திரத்துக்குள் போய், ஒரே அடியில் படமும் பதிந்து ஒன்றோடொன்று இறுகவும் செய்கின்றன. படம் பதியும் நொடிக்கு முன் இரண்டிலும் எதுவும் இல்லை. எனவே ஒரே பக்கத்தில் வளையத்தின் படமும் நடுவட்டத்தின் படமும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்க வழியே இல்லை. அப்படி நின்றால், அடிக்குப் பின் நடுவட்டம் கழன்றிருக்கிறது, அல்லது கழற்றப்பட்டு மாட்டப்பட்டிருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் சந்தில் ஒளி ஊடுருவலாம். கல்லில் போட்டால் கணீர் என்று இல்லாமல் சத்தென்று விழும். சந்தில் பசையின் பிசுக்கு தெரியலாம். நடுவட்டம் தலைபூ மாறி மாட்டியதும் இதே கதை.

நடுவட்டமே இல்லாத வளையம் மட்டும் கொஞ்சம் சிந்திக்க வைக்கும். நடுவட்டம் விழாமலே வளையம் அடிவாங்கியிருந்தால் உலோகம் ஓட்டைக்குள் வழிந்திருக்கும். ஓட்டை சுருங்கி, அதன் உதடு மழுங்கி, வட்டம் சற்றே கோணலாகும். அருகிலுள்ள கோடுகள் உள்நோக்கி இழுபட்டிருக்கும். தட்டி வெளியேற்றியதில் ஓட்டையின் சுவர் செங்குத்தாக, அளவு மாறாமல், உரசல் கீறலோடு நிற்கும். நடுவட்டம் ஓரமாக ஒதுங்கி வளையத்தின் மேல் ஏறிய நிலையில் அடிவாங்கிய நாணயங்கள் உண்மையான பிழைகள். அவற்றில் படம் இரண்டு உலோகங்களின் மேலும் அறுபடாமல் தொடர்ந்து ஓடும். இதைக் கையால் செய்ய முடியாது.

பூவும் தலையும் ஒன்றுக்கொன்று திரும்பியிருப்பது வேறு வகை. நம் நாணயத்தை மேலும் கீழும் விரலால் பிடித்துக்கொண்டு புத்தகத்தின் பக்கம் திருப்புவது போலத் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். அச்சு அதன் இருக்கையில் தளர்ந்து சுழன்றுவிட்டால் மறுபக்கம் சாய்ந்தோ, படுத்தோ, தலைகீழாகவோ வரும். சில பாகைச் சாய்வு சாதாரணம். 90, 180 பாகை என்றால்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்க நாணயங்கள் தலைகீழாக நிற்பதே அவற்றின் முறை. அதைப் பார்த்துப் பிழை என்று எண்ண வேண்டாம். முழு நாணயத்தில் இந்தப் பிழையைப் போலியாகச் செய்ய வேண்டுமானால் இரண்டு நாணயங்களைக் குடைந்து ஒன்றுக்குள் ஒன்றை ஒட்ட வேண்டும். மாயவித்தைக்காரர்களின் இரட்டைத்தலைக் காசு அப்படிச் செய்ததுதான். விளிம்பு மேட்டின் உள் ஓரத்தில் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு சுற்றி ஓடுகிறதா என்று லூப்பில் தேடினால் போதும்.

பொதுவாக ஒன்று சொல்லலாம். அச்சில் விரிசலோ உடைவோ விழுந்தால் அங்கே உலோகம் புகுந்து நாணயத்தில் மேடாக எழும். ஆகவே மேடான கோடு, மேடான கட்டி ஆகியவை அச்சின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கீறலும் பள்ளமும் பெரும்பாலும் வெளியே பட்டவை. விதிவிலக்கு உண்டு: அச்சுக்கும் பிளாங்குக்கும் நடுவே நூலோ கம்பியோ சிக்கினால் பள்ளம் விழும், ஆனால் அந்தப் பள்ளத்தைச் சுற்றி உலோகம் ஒதுங்கி மேடிட்டிருக்காது. கீறலில் உலோகம் உழவு மண் போல இருபுறமும் ஒதுங்கியிருக்கும்.

விளிம்பில் எழுந்த கட்டியை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் படமே இல்லாத மேடு வரும். அதற்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் படம் மங்கியிருக்கும். உலோகம் உடைந்த பள்ளத்தை நிரப்பப் போய்விட்டதால் மறுபக்க அச்சுக்குப் போதவில்லை. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயிலும் தங்கக் காசிலும் மேல்விளிம்பில் தெரியும் கட்டி பெரும்பாலும் காசுமாலையில் கோக்க வைத்த வளையத்தின் பற்றுப்பொடி. நிறம் சற்றே மாறும், பின்பக்கப் படம் முழுதாக இருக்கும், ஓரத்தில் ராவிய தடமும் இருக்கும். அந்த வெள்ளி ரூபாயில் தெரியும் சிறு குத்துகளும் சராப்புகள் (காசு மாற்றுவோர்) வெள்ளியைச் சோதிக்கக் குத்தியவையாக இருக்கலாம். வரலாற்றுக்கு அவை சுவையானவை, ஆனால் நாணயச்சாலைப் பிழை அல்ல.

எழுத்தோ ஆண்டோ இல்லாத நாணயம் அடிக்கடி கேட்கப்படுவது. அச்சின் பள்ளத்தில் மசகும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து பதியாது. அப்படி விடுபட்ட இடத்தில் தரை மற்ற இடங்களின் மட்டத்திலேயே, அதே மினுமினுப்போடு இருக்கும். பக்கத்து எழுத்து படிப்படியாக மங்கிக்கொண்டே வரும். சுரண்டி எடுத்ததில் தரை பள்ளம், கீறல், வேறு பளபளப்பு. எழுத்துகள் இரட்டையாகத் தெரிவதாகச் சொல்லப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை, அடி முடிந்து அச்சு விலகும் நொடியில் நழுவியதால் வந்தவை. இரண்டாவது உருவம் தாழ்வாக, தட்டையாக, படிக்கட்டு போல எழுத்தின் பருமனைச் சீவிக்கொண்டு இருக்கும். நாணயச்சாலையில் வந்ததுதான், ஆனால் மதிப்பு ஏறாது. அச்சையே செய்யும்போது இரட்டித்திருந்தால் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு, எழுத்து தடித்து, முனைகளில் பிளவு தெரியும். அதே அச்சில் பிறந்த எல்லா நாணயங்களிலும் அது அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கும்.

வெளிச் சேதங்களில் நம் வீடுகளுக்கே உரியவை சில. நிலைவாசலில் ஆணியடித்த காசில் ஓட்டையின் ஒரு பக்கம் உலோகம் உள்ளே மடிந்தும் மறுபக்கம் பூப்போல வெளியே விரிந்தும் இருக்கும். ஓமகுண்டத்திலோ குப்பைத் தீயிலோ கிடந்த எஃகு நாணயம் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறும். அதை யாராவது செம்பு பிளாங்க் என்று சொன்னால் காந்தத்தை வையுங்கள். அமிலத்தில் கிடந்தது எல்லா இடத்திலும் சீராக மெலிந்து, எழுத்துகள் கரைந்து, எடை குறைந்திருக்கும். தங்க நிற 1 ரூபாய் என்பது முலாம். இலங்கையில் 2005-இல் தொடங்கிய வரிசையின் 1, 5 ரூபாய்களுக்கு நாணயச்சாலையிலேயே எஃகின் மேல் பித்தளை முலாம் பூசினார்கள்; 2017 முதல் வந்தவை துருப்பிடிக்காத எஃகு, இயல்பிலேயே வெள்ளை. அந்தப் பழைய வரிசையில் வெள்ளை நிற நாணயம் கிடைத்தால் எழுத்துகளின் இடுக்குகளில் மஞ்சள் மிச்சம் இருக்கிறதா, தரை அரித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முலாம் பின்னால் உரிந்தது.

பிழையும் அல்லாமல் சேதமும் அல்லாமல் இருப்பவை இன்னொரு கூட்டம். ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச்சாலை என்று காட்டும் குறி இல்லை என்றால் அது கொல்கத்தா நாணயம், அவ்வளவுதான். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. 1985-ஆம் ஆண்டு 1 ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்தது. ரூபாய்க் குறியீடு உள்ளதும் இல்லாததுமான 10 ரூபாய்கள் வெவ்வேறு வெளியீடுகள். 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தது. அந்த நாணயத்தைத் தமிழ்நாட்டுக் கடைகள் பல ஆண்டுகள் வாங்க மறுத்தது இந்தக் குழப்பத்தால்தான் பெரிதும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவின் ஓட்டை வடிவமைப்பிலேயே உள்ளது. ஓட்டை ஒதுங்கியிருந்தாலோ விழாமல் இருந்தாலோதான் பிழை. கையால் அடித்த சோழர் காசுகளிலும் நாயக்கர் காசுகளிலும் படம் ஒதுங்கியிருப்பது இயல்பு. அங்கே ஒதுங்கலைப் பிழையாகக் கணக்கிடுவதில்லை. லக்கி கிடைத்தால் மட்டும் அதைப் பிழை என்று பேசலாம்.

எதைச் செய்தாலும் நாணயத்தைத் தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பற்பசை மூன்றும் நாம் தேடும் தடயத்தையே அழித்துவிடும்: தரையின் மினுமினுப்பும், வெட்டுச் சுவரின் சொரசொரப்பும், பழைய படத்தின் நசுங்கிய மிச்சமும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவிட்டு, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு அருகில் இல்லாமல். மெத்தென்ற பிவிசி உறைகளில் நாள்பட வைத்தால் பச்சைப் பசை படியும். மைலார் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள அட்டைச் சட்டம் நல்லது.

இந்த நாணயம் லட்சக்கணக்கில் போகும், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பழைய நாணய விற்பனையில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. எஃகு 1, 2 ரூபாய்களில் அச்சு விரிசலும் சிறு சாய்வும் ஏராளம். அவற்றுக்கு முகமதிப்புக்கு மேல் சிறிதளவே கிடைக்கும். நல்ல லக்கி, மாறிய பிளாங்க், ஆண்டு தெரியும்படி பாதி ஒதுங்கிய அடி ஆகியவற்றுக்கே ஏலத்தில் போட்டி.

உங்கள் 2 ரூபாய்க்கும் 1 ரூபாய்க்கும் உறுதியாகப் பதில் சொல்ல இவை வேண்டும்: இரு பக்கமும் நேர் மேலிருந்து எடுத்த படம், அதே பக்கங்கள் சாய்வொளியில், ஓரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் எடுத்த படம், 2 ரூபாயின் கடியில் இன்னொரு 2 ரூபாயைப் பொருத்திய படம், இரண்டு தசம இடங்களோடு எடை. 1 ரூபாயில் குழிந்த எழுத்துகளின் நடுவே உள்ள தரையைத்தான் முடிந்தவரை நெருக்கத்தில் எடுங்கள்.